லாரி என்ஜினைக் கிணற்றடியில் கழுவலாமா?

தம்மம்பட்டி வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கும் பாக்கும் லாரியேறித்தான் ஆலைக்கும் சந்தைக்கும் போகின்றன. சொந்தமாக லாரி வைத்திருக்கும் உழவர்களும் உண்டு. டிரிப் முடிந்து வந்த வண்டியைக் கிணற்றடியில் நிறுத்தி, பம்புசெட் தண்ணீரைப் பீய்ச்சி டீசல் என்ஜினைக் கழுவிவிடுவது பலருக்கும் எளிதாகப் படுகிறது. செலவில்லாத வேலை போலத் தோன்றும் இதனால் வண்டிக்கும் கேடு, கிணற்றுக்கும் கேடு.

என்ஜினைத் துப்புரவாக வைத்திருப்பது நல்ல பழக்கமே. கசியும் ஆயிலோடு தூசி சேர்ந்து அடை போலப் படிந்தால் என்ஜினின் சூடு எளிதில் வெளியேறாது. கசிவு எங்கே என்பதும் கண்ணுக்குத் தெரியாது. பட்டறைக்குப் போனால் கூலியும் ஆகும், ஒரு நாள் வாடகையும் போகும். ஆகவே வீட்டிலேயே சுத்தம் செய்வதில் தவறில்லை. ஆனால் இடமும் முறையும் மாற வேண்டும்.

சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். இங்கு நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளின் வழியே நகர்கிறது. ஆழமான மண்ணில் இறங்கும் நீர் ஓரளவாவது வடிகட்டப்படும். வெடிப்புகளில் அதற்கு வாய்ப்பு குறைவு. ஒருவர் கிணற்றடியில் விட்ட கழிவு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலும் தலைகாட்டலாம். சுவேத நதியில் விட்டாலோ கீழ்ப்பகுதி ஊர்களின் தண்ணீர் கெடும். பழைய ஆயிலில் தேய்மான உலோகத் துகள்களும் நச்சுச் சேர்மங்களும் கலந்துள்ளன. நெடுநாள் தோலில் பட்டுவந்தால் புற்றுநோய்க்கும் ஏதுவாகும். வெறுங்கையால் என்ஜினைத் துடைக்கும் கிளீனர் பையனின் நலனையும் உரிமையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூடாக இருக்கும் என்ஜின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால், மிக நுண்ணிய இடைவெளியில் இயங்கும் டீசல் பம்பின் உறுப்புகள் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். காற்று போகும் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் இன்னும் ஆபத்து. காற்றைப் போல நீர் அமுங்காது. ஸ்டார்ட் செய்ததும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும் நிறைய உள்ளன. அவற்றில் தண்ணீரைப் பீய்ச்சவே கூடாது.

சரியான முறை வருமாறு: என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காலை வேளையில் வேலையைத் தொடங்க வேண்டும். கிணறு, வாய்க்கால் இரண்டுக்கும் தொலைவான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். என்ஜினுக்கு அடியில் தகரத் தட்டு வைத்து, சுற்றிலும் மரத்தூளைப் பரப்ப வேண்டும். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டியில் மரத்தூளுக்கும் சீவலுக்கும் பஞ்சமில்லை. எண்ணெயை உறிஞ்ச அவை மிகவும் ஏற்றவை. காற்றுக்குழாய், டைனமோ, ஸ்டார்ட்டர், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றைப் பாலிதீன் தாளால் கட்டி மூட வேண்டும்.

பிறகு கையுறை அணிந்து, படிந்த அழுக்கை மரக்குச்சியால் உலர்வாகவே சுரண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும். மிச்சத்தைச் சிறிதளவு டீசல் தொட்ட பிரஷால் தேய்த்து, சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். அதைத் தொடவே கூடாது. பீடி, சிகரெட்டும் அருகில் ஆகாது. நன்கு உலர்ந்ததும் மூடிய தாள்களை மறவாமல் எடுத்து, பாட்டரியை இணைத்து, என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கசிவைக் கவனிக்க வேண்டும்.

எண்ணெய் ஊறிய மரத்தூளை அடுப்பில் எரிப்பதும் எருக்குழியில் கொட்டுவதும் தகாது. மூடியுள்ள தகர டின்னில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும். பழைய ஆயில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. உரிமம் பெற்றவர்களிடமே அது சேர வேண்டும். ஆயில் நிறுவனங்களே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயில் வாங்கும் கடையில் இதைக் கேட்க உழவருக்கு முழு உரிமை உண்டு.

தனி மனிதர் திருந்தினால் மட்டும் போதாது. லாரிகள் நிற்குமிடத்தில் சிமென்டுத் தளமும், மிதக்கும் எண்ணெயைப் பிரிக்கும் இரட்டை அறைத் தொட்டியும் உள்ளாட்சி மன்றம் அமைத்துத் தரலாம். பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. பழுதான என்ஜினைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். எண்ணெய் கலந்த கிணற்றை மீட்க ஆண்டுகள் பல ஆகும். இதை உணர்ந்து உழவர் பெருமக்கள் கிணற்றடியைத் தவிர்ப்பது நலம்.