நாய்க்குத் தடை, ஆளுக்கு விடுதலையா?



பிட்புல், ராட்வைலர் இரண்டையும் இனி யாரும் புதிதாக வளர்க்கக் கூடாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி கொண்டுவந்த தடையைப் பெரிய சாதனையாகப் பேசுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவல் வேலை பார்த்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். வளர்த்தவரையும் அது விட்டுவைக்கவில்லை. இரண்டு முறையும் நாயின் இனப் பெயர்தான் ஊர் முழுக்க அடிபட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அந்த நாய்கள் வாய்மூடி இல்லாமல் எப்படி வந்தன, கயிறு யார் கையில் இருந்தது என்ற கேள்வி வழக்கோடும் கைதோடும் ஆறிப்போனது. இப்போது இரண்டு இனங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதால், மற்ற எல்லா நாய்களின் சொந்தக்காரர்களுக்கும் நற்சான்றிதழ் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

பூங்காக்களில் நாய் வளர்ப்பவர்களுக்குள் நடக்கும் சண்டை இனத்தால் வருவதில்லை. அவிழ்த்துவிடுவதற்கென்று ஓர் இடம் இல்லாததாலும், இல்லாத இடத்தை இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஆட்களாலும் வருகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்கவே நம் ஊரில் வளர்க்கப்பட்டவை. அவற்றின் கண்முன் ஒரு பக் நாய் குடுகுடுவென்று ஓடினால் துரத்தத்தான் செய்யும். துரத்துவது அதன் குற்றமல்ல, அங்கே அவிழ்த்துவிட்டவரின் குற்றம். கயிற்றில் கட்டிய நாயை நோக்கி இன்னொரு நாய் கட்டவிழ்ந்து பாய்ந்து வந்தால், கட்டிய நாயால் விலகி ஓட முடியாது. ஓட முடியாதது உறுமும், அடுத்து கடிக்கும். கடைசியில் 'கடித்த நாய்' என்ற பழி, ஒழுங்காகக் கயிறு பிடித்து வந்தவரின் நாய்மேல் விழும். அவிழ்த்துவிட்டவரோ, 'எங்க பையன் ஒண்ணும் பண்ண மாட்டான் சார், விளையாடத்தான் வந்தான்' என்பார். இந்த ஒரு வசனத்துக்கு அபராதம் போட்டால் மாநகராட்சியின் கடன் அடைந்துவிடும்.

நாய்கள் ஓடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ராஜபாளையம் நாயை அடுக்குமாடி வீட்டில் அடைத்து, நாளுக்குப் பத்து நிமிடம் சங்கிலியோடு தெருவில் நடத்தினால் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். ஆனால் ஓடுவதற்கு வேலி வேண்டும். ஹைதராபாத் மாநகராட்சி 2018-இல் கொண்டாப்பூரில், குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து நாய்களுக்கென்றே பூங்கா திறந்தது; சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கியது. சிங்கப்பூரில் பிஷான் போன்ற பூங்காக்களில் வேலி போட்ட திடலுக்குள் நாயை அவிழ்த்துவிடலாம். வெளியே வந்தால் கயிறு கட்டாயம். பிட்புல் போன்ற இனங்களுக்குப் பொது இடத்தில் வாய்மூடியும் கட்டாயம். இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. அளவுக்கு ஏற்றபடி இரண்டு தடுப்பு, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும்படி இரட்டைக் கதவு, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் உரிமமும் இல்லாதவருக்கு அனுமதி மறுப்பு, சினைப்பருவத்துப் பெட்டை நாய்க்கும் தீனிப் பொட்டலத்துக்கும் உள்ளே இடமில்லை என்ற விதி, விதியைச் சொல்ல ஓர் ஆள். இவ்வளவுதான்.

மனிதர் உட்காரவே பூங்கா இல்லாத ஊரில் நாய்க்குப் பூங்காவா என்று கேட்பார்கள். மனிதருடைய பூங்காவைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம். நாய்க்குத் தனி இடம் இருந்தால்தான் குழந்தையின் ஊஞ்சலருகே அது வரக் கூடாது என்று அதட்டிச் சொல்ல முடியும். வாய்மூடி போடுவது கொடுமை என்பார்கள். அளவு பார்த்து வாங்கிய கூடை வாய்மூடியில் நாய் மூச்சும் விடும், தண்ணீரும் குடிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்வதைவிட அது பெரிய கொடுமை அல்ல. தெருநாய்தானே உண்மையான பிரச்சினை, எங்களை ஏன் பிடிக்கிறீர்கள் என்பது மூன்றாவது வாதம். தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதைச் சாக்காக வைத்துச் சொந்த நாயின் கயிற்றை விடுவது என்ன நியாயம்? தெருநாய்க்குப் பொறுப்பாளர் யார் என்று தேட வேண்டும். வளர்ப்பு நாயின் பொறுப்பாளரோ கயிற்றின் மறுமுனையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. அதில் இனப் பெயர் எதுவும் இல்லை. எந்த நாய்க்கும் பொருந்தும். அதை எடுத்து நடத்தத்தான் ஆளில்லை. ஆணைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை என்றது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஆயிரம் விளக்குச் சம்பவத்துக்குப் பிறகு நம் கால்நடை பராமரிப்புத் துறையும் அதே 23 இனங்களுக்குத் தடை என்று வேகமாக அறிவித்து, அதே வேகத்தில் திரும்பப் பெற்றது. பட்டியல் எழுதுவதும் கிழிப்பதுமே நிர்வாகம் என்று நினைத்துவிட்டார்கள்போல.

சென்னையின் விதி சென்னை எல்லையோடு நின்றுவிடுகிறது. நாய்கள் அப்படி நிற்பதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகிவரும் எங்கள் ஏனாத்தூர்ப் பக்கமும் காவலுக்கென்று பெரிய நாய்கள் வருகின்றன. 2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரம், இங்கும் ஒரு குழந்தையின் பெயர் செய்தியில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம், தடுப்பூசி, கயிறு மூன்றையும் எல்லா நாய்க்கும் கட்டாயமாக்கட்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு வேலியிட்ட திடல் ஒன்றுக்கு வரும் நிதியாண்டிலேயே பணம் ஒதுக்கட்டும். அதுவரை, பொதுப் பூங்காவில் நாயை அவிழ்த்துவிடுபவர் எந்த இனத்தை வளர்த்தாலும் எந்தப் பதவியில் இருந்தாலும், 291-ஆவது பிரிவில் வழக்குப் பதியட்டும். இரண்டு வழக்கு பதிந்தால் போதும், 'எங்க பையன்' எல்லோரும் கயிற்றுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்.