சுவரில் வெடிப்பு விழும் முன்பே



சென்னையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை நடந்துகொண்டிருக்கிறது. மாதவரம் பக்கம் பூமிக்கடியில் சுரங்கம் துளைக்க இறக்கிய இயந்திரங்களுக்கு மலைகளின் பெயரைச் சூட்டினார்கள். நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன். கடற்கரைச் சமவெளிக்குக் கீழே மலைகளின் பெயரோடு இயந்திரங்கள் நகர்ந்தன என்று படித்தபோது, மலையில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இலங்கையிலிருந்து படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் சென்னை போகிற நம்மவர்கள் மெட்ரோவில் ஏறிப் பார்க்காமல் திரும்புவதில்லை. "நமக்கு எப்ப வரும்?" என்ற கேள்வியும் கூடவே வரும். கொழும்புக்கு ஜப்பான் கடனுதவியில் வரவிருந்த இலகு ரயில் 2020இல் கைவிடப்பட்டது. அதுவும் தூண்களின் மேல் ஓடவிருந்த ரயில்தான். நிலத்தடி ரயில் என்பது நம் நாட்டுக்கு இன்னும் தூரத்துக் கனவு.

ஆனால் சுரங்கம்?

சுரங்கம் நமக்குப் புதிதே இல்லை. அட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் வழியில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் போடும் கூச்சலை நினைத்துப் பாருங்கள். வளைந்து போகும் சுரங்கம் அது. நீளம் அரைக் கிலோமீட்டருக்கு மேல். வடைக்கூடைக்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார். டீசல் புகை உள்ளே வரும், ஜன்னலை இழுத்து மூடச் சொல்லி ஒரு அம்மா சத்தம் போடுவார். 1885இல் நானுஓயா வரைக்கும் ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதையில் கல்லுடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலியாட்கள். நம் பாட்டன் முப்பாட்டன்மார்.

அது ரயிலுக்காகக் குடைந்தது. நம் காலத்தில் மலையைக் குடைவது தண்ணீருக்காகவும் கரண்டுக்காகவும்.

தலவாக்கலை நகரத்தை ஒட்டி நிற்கிற மேல் கொத்மலை அணை எல்லோருக்கும் தெரியும். அங்கே தேங்கும் தண்ணீர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் இறங்கி, நிலத்துக்கடியிலுள்ள மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. 150 மெகாவாட். 2012இல் அது இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சுமார் 500 குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்தார்கள்.

அந்தக் குடும்பங்களை எண்ண முடிந்தது. ஏனென்றால் அணை கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் எதுவரை ஏறும் என்று கோடு போட்டுக் காட்டலாம், கோட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு நம்பர் அடிக்கலாம். சுரங்கத்துக்கு மேலே குடியிருப்பவர் கதை வேறு. அவர் வீடு நகரவில்லை, தோட்டம் மூழ்கவில்லை. தன் அடுப்படிக்குக் கீழே, பல நூறு அடி ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதே பல வேளை அவருக்குத் தெரியாது.

இந்தத் தெரியாமையின் விலை என்னவென்று பண்டாரவளை மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உமா ஓயா திட்டத்துக்கு 2008 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் வந்திருந்தார். புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணை கட்டி, பண்டாரவளைப் பக்கத்து மலைகளுக்கு அடியால் 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோய், கரந்தகொல்லையில் நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாட் எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கீழே வறண்ட நிலங்களின் விவசாயத்துக்கு விடுவது திட்டம். நல்ல திட்டந்தான். மொனராகலையிலும் அம்பாந்தோட்டையிலும் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயியும் நம்மைப் போன்ற மனிதர்தானே?

2014 டிசம்பர் இறுதியில், துளைத்துக்கொண்டிருந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றத் தொடங்கின. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். பிறகு வீட்டுச் சுவர்கள் வெடித்தன, தரை இறங்கியது. 2017இல் திரும்பவும் பெரிய கசிவு. அந்த ஜூன் மாதம் பண்டாரவளையில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் டாங்கி வைத்து, பவுசர் எப்போது வரும் என்று காத்திருக்கும் வாழ்க்கை வந்தது. தலைமுறை தலைமுறையாக வற்றாத கிணற்றின் கயிறும் வாளியும் ஒரு ஓரத்தில் சும்மா கிடக்க, குடும்பத்துப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேன் தூக்கினாள்.

எப்படி நடந்தது இது? மலை என்றால் முழுக் கல் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கல்லுக்குள் எத்தனையோ வெடிப்புகள். மழைத்தண்ணீர் அவற்றில் இறங்கித் தங்கி, ஊற்றாகவும் கிணறாகவும் நமக்குக் கிடைக்கிறது. டாங்கியின் அடியில் ஒரு பொத்தல் விழுந்தால் மேலே பைப்பில் தண்ணீர் வருமா? சுரங்கம் அந்த வெடிப்புகளில் ஒன்றை வெட்டிவிட்டால், மேலே உள்ள தண்ணீர் எல்லாம் அந்த வழியாக இறங்கப் பார்க்கும். தண்ணீர் போன இடத்தில் மண் இறுகி அமரும். மண் அமர்ந்தால் அதன்மேல் நிற்கும் சுவர் தாங்காது.

இதைத் தடுக்க வழி இல்லாமலில்லை. இயந்திரம் போகுமுன் மெல்லிய துளை போட்டு, முன்னால் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் சீமெந்துக் கலவையை அழுத்தி ஏற்றி, வெடிப்பை அடைத்துவிட்டு முன்னேறலாம். எஞ்சினியர்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி. ஆனாலும் நேரமும் காசும் பிடிக்கும் வேலை. அவசரம் வரும்போது முதலில் சுருங்குவது இந்த மாதிரி வேலைகள்தான் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய நகரங்களிலும் தவறு நடக்கத்தான் செய்கிறது. 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கத்துக்கு மேலே ரோடு உள்வாங்கி, ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை. கல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது இன்னும் மோசம். பவ்பஜார் என்ற பழைய பகுதியில் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோதி, மண்ணும் தண்ணீரும் சுரங்கத்துக்குள் பாய, மேலே பழைய வீடுகள் இடிந்தன. குடும்பங்களை ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றி ஹோட்டல்களில் தங்க வைத்தார்கள். 2022இல் அதே இடத்தில் மறுபடியும் வெடிப்பு.

ஆனால் அந்த நகரங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கம் போகும் பாதைக்கு மேலே உள்ள கட்டடங்களை முதலிலேயே போய்ப் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பைப் படம் எடுப்பார்கள். சுவர் அசைகிறதா என்று பார்க்கக் கருவி பொருத்துவார்கள். பிறகு ஏதாவது நடந்தால், "இது பழைய வெடிப்பு" என்று ஒரு தரப்பும் "புதுசு" என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. படம் பேசும்.

நம் மலையில் அந்தப் படம் யாரிடம் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் தோட்டத்து வாசகர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பண்டாரவளையில் சொந்தக் காணி வைத்திருப்பவருக்கு உறுதி இருக்கிறது. அதைக் காட்டி, "என் வீடு வெடித்தது, நட்டஈடு கொடு" என்று கேட்கலாம். கிடைப்பதற்கு வருஷக்கணக்கில் அலைய நேர்ந்தாலும் கேட்கவாவது முடியும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் சுவர் வெடித்தால் அது யாருடைய சுவர்? காணி அரசாங்கத்துடையது. குத்தகை கம்பெனியுடையது. நூறு வருஷமாக அதற்குள் அடுப்பெரித்து, பிள்ளை பெற்று, சாவு வீடும் கல்யாண வீடும் கண்ட குடும்பத்துக்கு அந்தச் சுவர் மேல் எழுத்தில் ஒன்றும் இல்லை. நட்டஈட்டுப் படிவத்தின் முதல் கேள்வியே "உரிமையாளர் யார்?" என்பதாக இருந்தால், நம்மவர் எதை எழுதுவார்?

கிணறும் அப்படியே. லயத்தில் கிணறு ஏது? மேலே காட்டு ஊற்றிலிருந்து பைப் போட்டுப் பீலியில் விழும் தண்ணீர். அந்த ஊற்று எந்த வரைபடத்திலும் இல்லை. அது நாளைக்கு நின்றுபோனால், இருந்தது என்பதற்கே அத்தாட்சி இல்லை.

சொந்தக் காணியும் உறுதியும் எல்லாத் தோட்டக் குடும்பத்துக்கும் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்காக எழுதுவதை இந்தப் பத்திரிகை நிறுத்தாது. அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்ன? இனி எங்கே சுரங்கம் தோண்டினாலும், அதற்கு மேலே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும், உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடு வீடாகப் பதிவு செய்துவிட்டுத்தான் இயந்திரத்தை இறக்க வேண்டும். குடியிருப்பவர் பேரில் பதிவு இருக்க வேண்டும். நட்டஈடு சுவரின் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, அந்தச் சுவருக்குள் வாழ்பவருக்கும் போக வேண்டும். இது பெரிய கோரிக்கையா? எனக்கு நியாயமான கோரிக்கையாகத்தான் படுகிறது.

சட்டம் நமக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கவும் கருத்துச் சொல்லவும் 30 நாள் கொடுக்க வேண்டும். அதற்கான அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். அந்த 30 நாளும் நமக்குத் தெரியாமலே ஓடிப்போகிறது. பிரதேச சபை உறுப்பினரும், தொழிற்சங்கத் தலைவரும், ஆசிரியர்மாரும் அந்த அறிவித்தலைத் தேடிப் பிடித்து, கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ மக்களைக் கூட்டி வாசித்துக் காட்டினால் என்ன? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சுரங்கம் எந்த டிவிஷனுக்கு அடியால் போகிறது என்று கேட்டு எந்தப் பிரஜையும் எழுதிக் கொடுக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாமே செய்யக்கூடியதும் உண்டு. செலவில்லாத வேலை. சுவரில் இருக்கும் வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அருகில் ஒரு காசை ஒட்டி வைத்து, அளவு தெரியும்படி போனில் படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பீலித் தண்ணீருக்கும் அப்படியே. ஒரே வாளியை வைத்து, நிறைவதற்கு எத்தனை செக்கன் எடுக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கொப்பியில் எழுதுங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளையிடம் இந்தக் கொப்பியை ஒப்படைத்தால் சந்தோஷமாகச் செய்யும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2014 அக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவு, 2025 நவம்பரில் டித்வா புயல். இவை சுரங்கத்தால் வந்தவை அல்ல. ஆனால் இவற்றுக்குப் பிறகு சுவரில் ஒரு கோட்டைக் கண்டாலே நம் நெஞ்சு திக்கென்கிறது. மழைக் காலத்தில் தரையில் வெடிப்பு விரிந்தாலோ, கதவு திடீரென்று மூட மறுத்தாலோ, ஊற்று கலங்கி வந்தாலோ அல்லது சட்டென்று நின்றாலோ, காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள், கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். படமும் கொப்பியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உமா ஓயா மின்நிலையம் 2024 ஏப்ரல் 24இல் திறக்கப்பட்டது. ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார். அந்தக் கரண்ட் இன்று நாட்டின் கம்பிகளில் ஓடுகிறது. நம் வீட்டு பல்பிலும் கொஞ்சம் எரிகிறது. நான் சுரங்கத்துக்கு எதிரி இல்லை. நாளைக்கே கண்டிக்கோ கொழும்புக்கோ நிலத்தடி ரயில் வருமென்றால் முதல் டிக்கெட் வாங்க ஆசைப்படுகிறவன்தான். மேலே குடியிருப்பவரையும் திட்டத்தின் கணக்கில் சேருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அடுத்த இதழில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று ஒரு மாதிரிக் கடிதத்தை முழுப் பக்கத்தில் தமிழில் தருகிறோம். வெட்டியெடுத்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் நிரப்பிக் கொடுக்கும்படி இருக்கும். அதற்குள் உங்கள் பீலியின் முதல் மாதக் கணக்கை எடுத்துவிடுங்கள். எத்தனை லீற்றர் வாளி, எத்தனை செக்கன் என்று எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். வந்து சேரும் ஒவ்வொன்றையும் தோட்டவாரியாகக் கோப்பில் போட்டு வைக்கப் போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்