சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "வீடு வாங்கப் போறோம்மா" என்று போனில் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்துப் போகிறோம். "விலை என்ன?" என்று கேட்பதோடு சரி. விலைக்கு மேல் என்ன ஆகும் என்று கேட்பதே இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அனுபவித்ததால் சொல்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். நிரந்தரவாசிகள், அந்நாட்டுக் குடிமக்கள் அல்ல. 2025-ல், 12 லட்சம் வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்தார்கள். வங்கி முக்கால் பங்கு கடன் தரும். கால் பங்கை இவர்கள் புரட்ட வேண்டும். "கொஞ்சம் குறையுது, உங்களால முடியுமாம்மா?" என்றாள் மகள். திருச்சியில் என் பெயரில் ஒரு மனை இருந்தது. சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அதை விற்றதில் வரி போக 30 லட்சம் ரூபாய் நின்றது.

மொத்தத்தையும் அனுப்பிவிட என் கணவர் தயாராகி விட்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். "விலையைத் தவிர வேற என்னென்ன செலவு வரும், மாப்பிள்ளை?" என்று கேட்டு விட்டேன். "பெத்த பொண்ணுகிட்டயே கணக்கு கேட்கிறியே!" என்று கணவர் கடிந்து கொண்டார். மாப்பிள்ளை கோபிக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக் கொண்டேன்.

வீடு வாங்கும் எல்லாருக்கும் உள்ள முத்திரை வரி, 32,600 வெள்ளி. நிரந்தரவாசிகள் வாங்கும் முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 5 சதவீதம். அது 60,000 வெள்ளி. இரண்டும் சேர்த்து 92,600! வெள்ளிக்கு 60 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 55 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கையெழுத்தான 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். வீட்டுக் கடனில் இதைச் சேர்க்க முடியாது. கைப்பணமோ, அங்குள்ள சேம நிதியோதான். வக்கீல் கட்டணம் தனி.

அடுத்து நான் கேட்டதுதான் பெரிய பாடம். "என் பணமும் இருக்கே, பத்திரத்துல என் பேரையும் சேர்த்துடுங்களேன்" என்றேன். நியாயம்தானே? மாப்பிள்ளை பதறி விட்டார். "அத்தை, உங்க பேரைச் சேர்த்தா நாங்க வீடே வாங்க முடியாது!"

காரணம் இதுதான். வெளிநாட்டவர் வாங்கினால் கூடுதல் வரி 60 சதவீதம். 2011-ல் 10 சதவீதமாக ஆரம்பித்தது, 2023 ஏப்ரலில் 60 ஆகி விட்டது. கூட்டாக வாங்கினால், யாருக்கு அதிக வரியோ அந்த வரிதான் முழு விலைக்கும். என் ஒருத்தி பெயருக்காக 60,000 வெள்ளி வரி, 7,20,000 வெள்ளி ஆகியிருக்கும்! அந்த நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். தன் மக்களுக்கு முதலில் வீடு கிடைக்கட்டும் என்று வைத்த வரி. தெரியாமல் போய் மாட்டிக் கொள்வது நம் தவறுதான்.

நம் ஊர் வங்கியிலும் ஒரு கணக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் இப்படி அனுப்பும் பணம் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே வசூலிக்கிறார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழித்து, மீதி திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை அந்தப் பணம் நம் கையில் இல்லை. பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இது மிச்சமாகும். எங்களுக்குக் காத்திருக்க அவகாசமில்லை. 20 லட்சம் அனுப்பினேன்; இரண்டு லட்சம் பிடித்தார்கள். மிச்சத்தை என் பெயரிலேயே வைப்புத் தொகையாகப் போட்டு விட்டேன். குறைந்ததை மாப்பிள்ளை தன் சேம நிதியிலிருந்து ஈடுகட்டினார். மகள் இரண்டு நாள் முகம் சுளித்தாள். பிறகு சரியாகி விட்டாள்.

ஒவ்வோர் ஊரிலும் ஒரு சுமைகூலி உண்டு. துபாயில் பதிவுக்கே விலையில் 4 சதவீதம். இங்கிலாந்தில், அங்கு வசிக்காதவர் வாங்கினால் வழக்கமான முத்திரை வரிக்கு மேல் 2 சதவீதம். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடுத்த பின் பின்வாங்கினால் அது போனதுதான்.

கத்தரிக்காய் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கும் நாம், ஆயுள் சேமிப்பைக் கொடுக்கும்போது மட்டும் ஏன் வாயை மூடிக் கொள்கிறோம்? கணக்கு கேட்பது பாசக் குறைவு அல்ல. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முதுமைக்கென்று ஒரு பங்கைக் கட்டாயம் கையில் வைத்துக் கொள்ளுங்கள். நமக்குப் பாதுகாப்பு எங்கோ ஒரு நாட்டுப் பத்திரத்தில் இல்லை தோழியரே. நம் பெயரில் இருக்கும் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது.

- ஒரு வாசகி, திருச்சி.