கண்மாய் கருவேலத்தை வெட்டலாமா, விடலாமா? பறவைக் கூடுகளைச் சுற்றும் சிக்கல்!

கடற்பறவைகள் கூடு கட்ட ஏன் குட்டித் தீவுகளைத் தேடிப் போகின்றன தெரியுமா? சுத்தியும் தண்ணீர், நாய், நரி வராது. லட்சத்தீவில் ஆள் வசிக்காத பிட்டி தீவு சுமார் 1.2 ஹெக்டேர்தான். அதுவே ஆலாப் பறவைகளுக்கான சரணாலயம்.

சரி, கடலே இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பறவைகளுக்கு ஏது தீவு? கண்மாய்தான்!

மரமே தீவு

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால், உள்ளே நிற்கும் கருவேல மரங்களைத் தண்ணீர் சூழ்ந்துவிடும். மேலே முள், கீழே தண்ணீர் என இரட்டைக் காவல். கூழைக்கடா, நாரை, கொக்கு எல்லாம் அதில்தான் கூடு கட்டும். தண்ணீர் சீக்கிரம் வற்றினால் அந்தக் காவலும் போச்சு.

திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு அடுத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. அங்குள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989 முதல் சரணாலயங்கள். 2022-ல் ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. 2025-ல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

என்ன சிக்கல்?

சீமைக் கருவேலம் கண்மாயை அடைத்துக்கொள்கிறது, அதை அகற்ற வேண்டும் என்கிறார்கள் விவசாயிகள். நியாயம்தான். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் நாட்டுக் கருவேலம் குறைந்துபோன கண்மாய்களில், பறவைகள் கூடு கட்டுவதும் இதே சீமைக் கருவேலத்தில்தான். ஜேசிபி இறங்கி ஒரே மூச்சில் வழித்தெடுத்தால் கூடு கட்டும் மரமும் சேர்ந்தே போய்விடும்.

சரணாலயம் என்றால் கேட்க வனத்துறை இருக்கிறது. போர்டு இல்லாத சாதாரண ஊர்க் கண்மாய்க்கு? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பறவைகளின் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது எங்கு நடந்தாலும் குற்றம். ஆனால் மரத்தை வெட்டும்போது மேலே கூடு இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

தீர்வு என்ன?

வெட்டக் கூடாது என்பதல்ல, எப்போது, எப்படி என்பதுதான் விஷயம். பறவைகள் கூட்டில் இருக்கும் மாதங்களில் கோடாரி வேண்டாம். கரையோரத்தில் தொடங்கி, கூடு உள்ள மரங்களைக் கடைசிக்கு விடலாம். தூர்வாரும் மண்ணை வெளியே கொட்டாமல் கண்மாய்க்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, நாட்டுக் கருவேலம் நடலாம். அவை கூடு தாங்கும் அளவு வளர்ந்ததும் மிச்சமுள்ள சீமைக் கருவேலத்தை எடுக்கலாம்.

விவசாயிக்குத் தண்ணீரும் வேண்டும், பறவைக்குத் தீவும் வேண்டும். வரிசை மாறாமல் செய்தால் இரண்டுக்கும் அதே கண்மாயில் இடம் இருக்கு.