பெண்கள் காலேஜ் மேட்ச்: கேலரி ஏன் காலி?

மதுரையில் கூட்டத்துக்குப் பஞ்சமா? சித்திரைத் திருவிழா என்றால் லட்சக்கணக்கில் ஜனம். அலங்காநல்லூர் வாடிவாசல் என்றால் விடியுமுன்பே மரத்திலும் மாடியிலும் தலைகள். சினிமா நட்சத்திரம் கடை திறக்க வருகிறார் என்றால் போலீஸ் லத்தியைத் தூக்குகிற அளவுக்கு நெரிசல்!

ஆனால் காலேஜ் மாணவிகள் சாப்ட்பால் ஆடுகிற மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆளை எண்ணிவிடலாம். இரண்டு டீமின் மாற்று ஆட்டக்காரிகள், உடற்கல்வி ஆசிரியைகள், ஸ்கோர் எழுதும் பெண், தண்ணீர் கேன் இறக்க வந்த ஆள், வேப்பமர நிழலில் ஒதுங்கிய ஒரு நாய். அம்புட்டுத்தான்!

எதிரே நிற்பது சாதாரண டீமா? பல வருடமாகக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் பெரிய டீம். அதை எதிர்த்து இறங்குகிறது உள்ளூர் டீம். ஜெயித்தால் சரித்திரம். தோற்றால் திரும்பிப் போக டவுன் பஸ். இப்படி ஒரு ஆட்டத்தைக் கைதட்ட ஆளில்லாமல் ஆடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"அதென்ன ஆட்டம்ணே?"

கீழவாசல் பக்கம் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் என்ன நடக்கும்?

"சாப்ட்பாலா? அது என்னண்ணே, டென்னிஸ் பந்துல ஆடுற கிரிக்கெட்டா?" என்பார் பாத்திரக் கடைக்காரர்.

"இல்லப்பா, அமெரிக்காக்காரன் ஆடுறது. அடிச்சிட்டு ஓடுவாய்ங்க" என்பார் ஆபீஸ் கிளார்க்.

"ஓடி?"

"ஓடி... திரும்ப வந்துருவாய்ங்க."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கிளார்க் சொன்னதில் தப்பே இல்லை! ஆட்டத்தின் சாரமே அதுதான். அடிக்க வேண்டும், ஓட வேண்டும், மூன்று பேஸைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வந்தால் ஒரு ரன். ஒரு பேஸுக்கும் அடுத்ததுக்கும் 60 அடி. பக்கத்துக்கு 9 பேர். 7 இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் இடம் மாற வேண்டும்.

கபடி தெரிந்த மதுரைக்காரருக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓட்டக்காரி, எதிர்க்களத்தில் சுற்றி வளைக்கப்பட்ட பாடகர் மாதிரிதான். முன்னே போனாலும் ஆபத்து, பின்னே வந்தாலும் ஆபத்து. கை நீட்டிக் கோட்டைத் தொட்டால் உயிர், இல்லாவிட்டால் அவுட்!

பேரில்தான் மென்மை

மென்பந்து என்று பேர். தொட்டுப் பார்த்தால் தெரியும் சேதி! ஆரம்ப காலத்தில் பந்து மெத்தென்று இருந்தது நிஜம். இன்றைய பந்து கெட்டி. சுற்றளவு 12 அங்குலம், கிரிக்கெட் பந்து 9 அங்குலம்தான்.

பிட்சர் கையைக் காற்றாடி மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறார். பெண்கள் ஆட்டத்தில் அவருக்கும் அடிப்பவருக்கும் நடுவே 43 அடிதான் தூரம். கிரிக்கெட் பிட்ச் 66 அடி! நல்ல பிட்சர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசுவார். பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், மட்டையைச் சுழற்ற வேண்டும். கண் இமைத்தால் கேட்சர் கையில் 'டப்' என்று சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே ஒரு காலேஜ் மேட்ச் கதைதான். 1887-ம் வருடம், சிகாகோ நகரம். ஹார்வர்டு - யேல் கால்பந்துப் போட்டி முடிவு தெரிய ஒரு கிளப்பில் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். முடிவு வந்தது, யேல் வெற்றி. குஷியில் ஒருத்தர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எதிர்த் தரப்புக்காரர் மேல் வீச, அவர் கையிலிருந்த கம்பால் அதைத் திருப்பி அடித்தார். ஜார்ஜ் ஹேன்காக் என்பவருக்கு அதில் பொறி தட்டியது. கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார். துடைப்பக் கட்டைதான் மட்டை! இன்றைக்குக் கேலரி காலியாகக் கிடக்கும் ஆட்டம், மேட்ச் முடிவுக்காகக் காத்துக் கிடந்த ரசிகர் கூட்டத்தில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை.

ஓக்லஹாமாவில் என்ன நடந்தது?

காலேஜ் சாப்ட்பாலுக்குக் கூட்டம் வருமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் பதில் இருக்கிறது.

ஓக்லஹாமா பல்கலைக்கழக மாணவிகள் 2021, 2022, 2023, 2024 என்று வரிசையாக நாலு வருடம் தேசிய சாம்பியன். அதற்கு முன் யாரும் தொடர்ந்து நாலு தடவை ஜெயித்ததில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 71 ஆட்டம் வெற்றி! 2024 மார்ச்சில் அவர்களுக்கென்று புது மைதானமே திறந்தார்கள். 4,200 பேர் உட்காரலாம்.

திறந்த மூன்றாம் நாள், மார்ச் 3. எதிரே லூசியானா பல்கலைக்கழக மாணவிகள். கேலரி முழுக்க எதிராளியின் ஊர் ஜனம். 7 இன்னிங்ஸில் முடிவு தெரியவில்லை. 8-வது இன்னிங்ஸுக்குப் போனது ஆட்டம். 7-5 என்று லூசியானா ஜெயித்தது! 71 ஆட்டமாக ஓடிய தேர், புது மைதானத்திலேயே நிலைகுத்தி நின்றது.

அந்தப் பெண்கள் ஜெயித்தது ஆயிரக்கணக்கான கண்ணுக்கு முன்னால். எதிராளி ஜனமாக இருந்தால் என்ன? பார்த்தவன் ஊருக்குப் போய்ச் சொல்வான் அல்லவா? காலி மைதானத்தில் அடித்த அடி ஸ்கோர் நோட்டில்தான் இருக்கும்.

தேசிய இறுதிச்சுற்று நடக்கும் ஓக்லஹாமா சிட்டி மைதானத்தில் ஒரே நாளில் 12 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாப்ட்பால் மறுபடி வருகிறது. ஆட்டங்களை லாஸ் ஏஞ்சல்ஸில்கூட வைக்கவில்லை, இதே மைதானத்துக்குத்தான் கொண்டு போகிறார்கள். கூட்டம் உள்ள இடத்துக்கு ஒலிம்பிக்கே நடந்து வருகிறது!

அங்கே மட்டும் கூட்டம் வானத்திலிருந்து குதித்ததா? இல்லை. 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில் ஆண், பெண் பேதம் கூடாது என்றது. அதைக் காட்டித்தான் மாணவிகளுக்கும் மைதானம், பயிற்சியாளர், பஸ் செலவு எல்லாம் வாங்கினார்கள். 1982-ல் இன்றைய வடிவிலான தேசியப் போட்டி ஆரம்பித்தது. அப்புறம் நாற்பது வருடம் விடாமல் நடத்தினார்கள். ஜனம் மெல்ல மெல்ல வந்தது.

மதுரைக்கு ரசனை இல்லையா?

யார் சொன்னது? 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் டிசம்பர் 2-ந் தேதி இந்தியா 5-0 என்று சுவிட்சர்லாந்தை வென்றது. சுவிட்சர்லாந்து ஹாக்கி ஆடும் என்பதே அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரியும். ஆனாலும் ஜனம் போனது, பார்த்தது, விசிலடித்தது. காரணம்? ஊரெல்லாம் போஸ்டர் இருந்தது. நுழைவு இலவசம். உட்கார இடம் இருந்தது.

கிராமத்துப் பக்கம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்தில் கோயில் திருவிழாவோடு ராத்திரி கபடி நடக்கும். டியூப் லைட்டு, மைக் செட்டு, பருத்திப்பால், வறுகடலை. வெளியூரிலிருந்து பேர் போன டீம் வருகிறது என்றால் பக்கத்துப் பத்து கிராமம் திரளும். அந்தப் பெரிய டீமை உள்ளூர்ப் பையன் ஒருத்தன் ஒற்றை ஆளாக மடக்கிவிட்டால் போதும், கூட்டம் எழுந்து ஆடும். மகளிர் கபடி என்றாலும் பாயை விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்கள். டீமில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அந்த வீதிகள் கொண்டாடிய கொண்டாட்டம் தமிழ்நாடே பார்த்தது. மதுரைப் பெண் கமாலினி கிரிக்கெட்டில் செய்தது என்ன கொஞ்சமா? 2024 டிசம்பர் ஏலத்தில் மும்பை அணி 1 கோடியே 60 லட்சம் கொடுத்து எடுத்தது, அப்போது வயசு 16. அடுத்த இரண்டு மாதத்துக்குள் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 56 ரன், அவுட் இல்லை! டி.வி.யில் பார்த்துப் பெருமைப்பட்டோம். அடுத்த கமாலினி எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று டி.வி. காட்டாது. மைதானத்துக்குத்தான் போக வேண்டும்.

பூட்டிய கேட்

ஜனத்தை மட்டும் குறை சொன்னால் போதுமா? எங்கே, எப்போது மேட்ச் என்று யாருக்கு அறிவிக்கிறார்கள்? காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். அதைப் படிப்பது ஆடப் போகிற பெண்கள்தான். வெளி ஆள் வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார். "யாரைப் பாக்கணும்?" என்பார். "மேட்ச் பாக்கணும்" என்றால் மேலும் கீழும் பார்ப்பார்!

வாட்ச்மேன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நிர்வாகத்தின் பயம் அது. கேட்டைத் திறந்தால் சைக்கிள் காலம் முதல் பைக் காலம் வரை மாறாத ஒரு கோஷ்டி உள்ளே வரும். ஆட்டம் பார்க்காது, ஆட்டக்காரியைப் பார்க்கும். கண்டபடி கமெண்ட் அடிக்கும். விளையாட்டு உடுப்பில் ஓடும் பெண்ணின் காதில் அது விழும். வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் "ஆட்டமும் வேண்டாம், பாட்டமும் வேண்டாம்" என்பார்கள். இது கற்பனைப் பயம் இல்லை. எத்தனையோ பெண்கள் ஷூவைக் கழற்றி வைத்தது இப்படித்தான்.

அதற்காகக் கேட்டைப் பூட்டியே வைப்பதா? பஸ்ஸில் இடிக்கிறான் என்று பெண்களைப் பஸ்ஸை விட்டு இறக்கி விடலாமா? இடிப்பவனை அல்லவா இறக்க வேண்டும்! இரண்டு பெண் போலீஸ் போதும். குடும்பத்துக்கு முன்வரிசை. வாய் நீளும் ஆளை முதல் கமெண்டிலேயே சட்டையைப் பிடித்து வெளியே அனுப்பட்டும். அப்பா, அம்மா, சித்தப்பா, அக்கம்பக்கம் என்று முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மூன்று காலிகளுக்கு வாய் திறக்காது. காலி கேலரிதான் அவர்களுக்குத் தோது.

சும்மா ஆட்டமா இது?

ஒரு மேட்சில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். கணக்குப் பாருங்கள். மத்திய அரசு வேலையில் விளையாட்டு வீரர்களைச் சேர்க்கும் பட்டியலில் சாப்ட்பாலும் உண்டு. பல்கலைக்கழகத்துக்காக அகில இந்தியப் போட்டியில் ஆடியவர்களுக்கு அதற்கென்று ஒரு படிவம், 'மூணாம் நம்பர் பாரம்' என்பார்கள். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதன் விதிகள் தனி. ஆக, பல்கலைக்கழக டீமுக்குத் தேர்வாகிறாளா இல்லையா என்பது, அப்பா டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கோப்பை சமாச்சாரம் இல்லை. சோற்றுச் சமாச்சாரம்.

அந்தத் தேர்வுக்குக் கண் எப்போது விழும்? பெரிய டீமை எதிர்த்து ஆடும்போதுதான். மகாராஷ்டிரம், பஞ்சாப், கேரளம் எல்லாம் இந்த ஆட்டத்தில் தேசிய அளவில் பலசாலிகள். அந்த மாதிரி டீம் முன்னால் நம் பெண் முதல் தடவை நிற்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். நூறு பேர் முன்னால்கூட ஆடிப் பழகாதவளுக்கு ஆயிரம் பேர் சத்தம் புயல் மாதிரி இருக்கும். கூட்டத்தில் ஆடுவதும் ஒரு பயிற்சி. அதைப் பயிற்சியாளர் தர முடியாது, ஊர்தான் தர வேண்டும்.

செலவையும் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்கு மட்டும் கிளவுஸ். இதில் களத்தில் நிற்கும் 9 பேருக்கும் வேண்டும். கேட்சருக்கு முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம். கீழவாசல், மாசி வீதி வியாபாரிகள் கபடி டீமுக்குப் பனியன் அடித்துக் கொடுக்கிறார்கள், முதுகில் கடை பேர் போட்டு. நல்ல காரியம். நாலு கிளவுஸ் இந்தப் பக்கமும் வரட்டுமே? ஆனால் முதலாளி கேட்பார்: "பாக்க ஆளே இல்லையே, பேரைப் போட்டு யாருக்கு?" அவர் கேட்பதும் நியாயம்தான். கூட்டம் வந்தால் கிளவுஸ் வரும்.

மதுரையில் பெண்கள் காலேஜ் நேற்று வந்ததில்லை. லேடி டோக் 1948-ல், பாத்திமா 1953-ல், மீனாட்சி அரசு கல்லூரி 1965-ல் தொடங்கியவை. பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை படித்துவிட்டது. அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்று 2024 ஜனவரியில் பெரிய அரங்கமே கட்டித் திறந்தாயிற்று. காளைக்குக் கேலரி கட்டியதில் தப்பில்லை, மதுரைக்கு அது பெருமை. பெண்கள் ஆட்டத்துக்கு அரங்கம்கூட வேண்டாம், நாலு வரிசை பெஞ்சும் ஒரு சாமியானாவும் போதும்.

மேட்ச் தேதியைப் பெரியார் பஸ் ஸ்டாண்டிலும் மாட்டுத்தாவணியிலும் ஒரு தட்டியில் எழுதி வைக்கலாம். பெரிய டீம் வருகிற ஆட்டத்தையாவது சுவர் ஓரத்து மூலை மைதானத்தில் நடத்தாமல் ரேஸ்கோர்ஸ் பக்கம் கொண்டு வரலாம். ஒரு மைக் பிடித்து, யார் அடித்தார், ஏன் அவுட் என்று தமிழில் சொல்ல ஒரு ஆள். கபடிக்கு வர்ணனை சொல்லும் ஆட்கள் மதுரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டு ஆட்டம் பார்த்தால் இதையும் பிளந்து கட்டிவிடுவார்கள்.

நேரமும் முக்கியம். வேலை நாள் காலை எட்டு மணிக்கு ஆட்டத்தை வைத்தால் எந்த கிளார்க் வருவார், எந்தக் கடைக்காரர் வருவார்? வேப்பமரத்து நாய்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு வைத்துப் பார்க்கட்டும்.