பட்டறை என்றால் இழிவா?

“ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் மோட்டார் பட்டறையில்தான் கை கறுக்கும்.” தமிழ்ப்பள்ளியில் இந்த மிரட்டலை இருபது ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். சொல்பவர்கள் சக ஆசிரியர்கள்!

அன்பர்களே, பட்டறைத் தொழில் மூளையற்றதா? சென்ற பள்ளி விடுமுறையில், கிள்ளானில் என் வீட்டுத் தாழ்வாரத்தில், பழைய யமாஹா ஆர்எக்ஸ்இசட் வண்டியின் கிளட்ச் தட்டுகளை நானே மாற்றினேன். இயந்திரம் இரைகிறது, வேகமோ ஏறவில்லை. தட்டுகள் தேய்ந்து வழுக்குகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். கியர் எண்ணெயை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றி, சுருள்வில் திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். எஃகுத் தட்டு வளைந்துள்ளதா என அறியத் தனிக் கருவி எதற்கு? அலமாரிக் கண்ணாடியின் மேல் வைத்தேன். அடியில் தாள் நுழைந்தால் அது கோணல். பழைய கேஸ்கட்டை மூங்கில் சீவலால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் அலுமினியம் கீறுண்டு எண்ணெய் கசியும். புதிய உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்த பிறகே பூட்டினேன். (நடு நட்டை உளியால் அடித்துக் கழற்றும் முரட்டு வேலையை நான் ஆதரிக்கவில்லை. தட்டு மாற்ற அதனைத் தொடவே தேவையில்லை!)

இதில் உராய்வும் விசையும் அளவையும் இல்லையா? நான்காம் ஆண்டு முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடத்தையே நடத்துகிறோம். அங்கே புகழ்ந்ததை அடுத்த பாடவேளையில் இகழ்வது என்ன நியாயம்? செந்தூல் இரயில்வே பட்டறையில் கறுத்த கைகள்தாம் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டன.

அந்த மிரட்டலை எந்த ஆசிரியரும் இனி உச்சரிக்கலாகாது. பட்டறைக்காரர் மகனும் அவ்வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான்.