கவிழ்ந்தது ஏன்?

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் வீட்டிலே என்ன விசேஷம் இருந்துவிடப் போகிறது என்று நேயர்கள் எண்ணலாம். சென்ற மாதம் வரையில் எங்கள் வீட்டிலும் ஒரு விசேஷமும் இல்லைதான். சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு விமானம் கவிழ்ந்து விழுந்தது. உயிர்ச் சேதம் இல்லை. துளசி மாடத்துக்கு மட்டும் இலேசான காயம்.

பாட்டரியோடு சேர்த்து அந்த விமானத்தின் எடை 650 கிராம். அதைக் கட்டியவள் என் மூத்த பெண். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். ட்ரோன் என்னும் சிறு பறக்கும் யந்திரங்களில் பந்தயத்துக்கென்றே ஒரு ஜாதி உண்டு. அதன் மூக்கில் ஒரு காமிரா இருக்கும். ஓட்டுகிறவர் தரையில் உட்கார்ந்து, கண்களை மூடிய ஒரு திரைக் கண்ணாடியின் வழியாக அந்தக் காமிரா காண்பதையே தாமும் கண்டு, வளையங்களுக்குள்ளே புகுந்து புகுந்து ஓட்ட வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் போகுமாம். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் சாதுவான ட்ரோனுக்கும் இதற்கும் கோயில் மாட்டுக்கும் ஜல்லிக்கட்டுக் காளைக்கும் உள்ள வித்தியாசம்.

இதைக் கடையில் முழுதாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டுவதுதான் பெருமை என்பது என் பெண்ணின் கட்சி. பெருக்கல் குறி போன்ற ஒரு கார்பன் சட்டம். அதன் நான்கு முனைகளிலும் நான்கு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் 5 அங்குல விசிறி. நடுவிலே, தீப்பெட்டியின் அகலமே உள்ள ஒரு சதுரப் பலகை. அந்தப் பலகைதான் விமானத்தின் மூளை. தன் ஆறு மாதச் சேமிப்பைப் போட்டு இவற்றை வாங்கி, மூன்று வாரம் இரவில் கண் விழித்து, ஈயம் பற்றவைத்து முடித்தாள். நாங்கள் எல்லோரும் கொல்லையில் கூடினோம். விமானம் ஓர் அங்குலம் எழும்பிற்று, இடப்பக்கம் சாய்ந்தது, கண் இமைக்கும் நேரத்தில் கரணம் போட்டு மாடத்தில் மோதிற்று.

"நான் அப்போதே சொன்னேன்" என்றாள் என் தாயார். எப்போது, என்ன சொன்னாள் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

நான் கணக்கில் பட்டம் பெற்றவன். ஆகவே சும்மா இருப்பது தகாது என்று, அடுத்த கால் மணிக்குள் நான்கு அபிப்பிராயங்களை வழங்கினேன். பாட்டரி சரியில்லை, மோட்டார் பழுது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், மூளைப் பலகை கெட்டுப்போயிற்று, வேறு வாங்க வேண்டும். குழந்தை என்ன செய்வாள்? விசிறிகளைக் கழற்றிப் பூட்டினாள். யாரோ சொன்னார்கள் என்று கணினியில் ஏழெட்டு எண்களை மாற்றினாள். கம்பிகளைப் பிரித்து மறுபடியும் பற்றவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் இடப்பக்கம் சாயவில்லை. மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு குப்புற விழுந்தது.

அன்று இரவு அவள் என்னிடம் வந்து, "அப்பா, எனக்கு இதெல்லாம் வராது. பாகங்களை வந்த விலைக்கு விற்றுவிடலாம்" என்றாள்.

'எனக்கு வராது' என்னும் அந்த வார்த்தை எனக்குப் புதிதன்று. இருபது வருஷமாக வகுப்பறையில் கேட்டு வருகிறேன். என் பெண்ணின் வாயிலிருந்து கேட்டபோது மட்டும் நெஞ்சில் ஏதோ இடறிற்று. "விற்பது இருக்கட்டும், அம்மா. முதலில் அது ஏன் கவிழ்ந்தது என்று தெரிந்துகொள்வோம்" என்று சொல்லி, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கரும்பலகையைத் துடைத்து, அவள் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தேன். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் சோதிக்க வேண்டும், ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதைப் பலகையில் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. 1907-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் பிரெகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேயும் சேர்ந்து நான்கு சுழல் விசிறிகள் கொண்ட ஒரு யந்திரத்தைச் செய்தார்கள். ஒரு மனிதரைச் சுமந்துகொண்டு அது தரையை விட்டு எழுந்தது உண்மை. ஆனால் நான்கு மூலைகளிலும் நான்கு ஆட்கள் நின்று, சாயாதபடி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது! நான்கு விசிறி யந்திரத்துக்கு எழும்புவது கஷ்டமில்லை. சாயாமல் நிற்பதுதான் கஷ்டம். இன்றைக்கு அந்த நான்கு ஆட்களின் வேலையைச் செய்வது மூளைப் பலகையில் ஒட்டியிருக்கும் கடுகத்தனை கைரோ. எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சொல்லுகிறது. தாழ்ந்த பக்கத்து மோட்டாரைப் பலகை உடனே முடுக்குகிறது. எனவே, எழும்பியவுடன் கவிழ்ந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: சாய்வைப் பற்றிய சேதி தவறு, அல்லது சேதி சரியாக இருந்தும் நிறைவேற்றுகிற கை தவறு. மோட்டார்கள் இடம் மாறியிருக்கலாம்; சுழலும் திசை மாறியிருக்கலாம்; விசிறி மாறியிருக்கலாம்.

இனி எங்கள் சோதனையைக் கேளுங்கள்.

முதற்காரியம், நான்கு விசிறிகளையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியது. மேஜைமேல் சோதிக்கும்போது விசிறி இருக்கவே கூடாது. அது விரலை வாழைத்தண்டைப் போல் நறுக்கிவிடும்.

இரண்டாவது, பாட்டரியை மாட்டுமுன் மல்டிமீட்டரை வைத்து, மின்சாரம் நுழைகிற இரு கம்பிகளுக்கும் நடுவே குறுக்குத் தொடர்பு உண்டா என்று பார்த்தோம். மீட்டர் ஒரு கணம் கத்தி ஓய்ந்தால் பயமில்லை. ஓயாமல் கத்தினால் எங்கோ ஈயம் வழிந்து கம்பிகளை இணைத்திருக்கிறது என்று பொருள். அதன்பின் பாட்டரிக்கும் விமானத்துக்கும் நடுவே மோட்டார் காரின் பல்பு ஒன்றை இணைத்தோம். பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மற்றவை கருகாமல் தான் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும். எங்கள் பல்பு கண் சிமிட்டிவிட்டு அடங்கியது. கடைக்காரரின்மேல் நான் சாட்டிய குற்றம் அப்போதே பாதி விழுந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு மோட்டாரையும் சட்டத்தில் இறுக்கும் திருகாணிகள். இவை நீளமாக இருந்தால் உள்ளே போய்க் கம்பிச் சுருளைக் குத்தி மோட்டாரையே கொன்றுவிடும். ஒரு திருகாணி சுருளைத் தொட ஒரு நூலிழைதான் பாக்கி இருந்தது; மாற்றினோம். கவிழ்ந்ததற்கு அது காரணமன்று. ஆனால் நாளைக்கு ஒரு காரணம் ஆகியிருக்கும்.

நான்காவதில்தான் கள்ளன் அகப்பட்டான். விமானத்தைக் கணினியோடு இணைத்தால், திரையில் அதன் சித்திரம் தோன்றும். கையில் உள்ளதை எப்படிச் சாய்க்கிறோமோ அப்படியே சித்திரமும் சாய வேண்டும். என் பெண் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள். சித்திரம் மூக்கைத் தாழ்த்தவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தது! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பலகையைப் பூட்டும்போது, கணினிக் கம்பியைச் செருக வசதியாக இருக்கட்டும் என்று, அதைக் கால் வட்டம் திருப்பி வைத்திருந்தாள். திருப்பிய செய்தியைப் பலகைக்குச் சொல்ல மறந்துவிட்டாள். ஆகவே விமானம் முன்னே சாய்ந்தால், பக்கத்தில் சாய்வதாக எண்ணிப் பக்கத்து மோட்டார்களை முடுக்கிற்று. பாவம், அந்தப் பலகை தன் கடமையில் ஓர் அணுவும் தவறவில்லை. இந்த யோக்கியனைத்தான் நான் குப்பையில் எறியச் சொன்னேன். கணினியில் 90 என்ற ஓர் எண்ணை உரிய கட்டத்தில் எழுதியவுடன், சித்திரம் சொன்னபடி கேட்டது.

எனக்கு அப்போதே கொல்லைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. குழந்தை என்னைத் தடுத்தாள். "அப்பா, முதல் நாள் இடப்பக்கம் விழுந்தது, இரண்டாம் நாள் குப்புற விழுந்தது. நோயின் குணம் மாறியிருக்கிறதே! நடுவில் நாம் வேறு ஏதோ செய்திருக்கிறோம்" என்றாள். பட்டம் பெற்றவனுக்குத் தோன்றாத நியாயம் இது.

ஐந்தாவதாக, மோட்டார்களைக் கணினியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுழற்றினோம். ஒன்றாம் எண்ணுக்குப் பின்புற வலது, இரண்டுக்கு முன்புற வலது, மூன்றுக்குப் பின்புற இடது, நான்குக்கு முன்புற இடது என்ற வரிசையில் சுழன்றன. எதிரெதிர் மூலைகளில் உள்ளவை ஒரே திசையிலும், அடுத்தடுத்தவை எதிர்த்திசையிலும் சுழல வேண்டும், அதுவும் சரி. மிஞ்சியவை விசிறிகள். விசிறியில் வலம் சுழல்வது, இடம் சுழல்வது என்று இரு வகை உண்டு. எந்தத் திசையில் சுழன்றாலும் உயர்ந்த விளிம்புதான் காற்றை முதலில் வெட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் காற்றைக் கீழே தள்ளுவதற்குப் பதில் மேலே தள்ளும். முன்புறத்து இரண்டு விசிறிகளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருந்திருக்கின்றன. என் நான்கு அபிப்பிராயங்களால் கலங்கி, கழற்றிப் பூட்டிய அன்று நேர்ந்த பிசகு அது. முதற்பிழை அவளுடையது, இரண்டாவதற்கு நானும் பங்காளி.

இத்துறையில் இறங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய தாய் தந்தையருக்கும் இரண்டொரு வார்த்தை. இந்த லிதியம் பாட்டரிகளில் ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5 வோல்ட்டுக்கு இறங்குமுன் விமானத்தை இறக்கிவிட வேண்டும். உப்பிய பாட்டரியைத் தொடவே வேண்டாம். மின்சாரம் ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். படம் அனுப்பும் கருவிக்கு ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்தால் அது சூடேறிக் கெட்டுப்போகக் கூடும். நம் நாட்டின் 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. பொழுதுபோக்குக்காக அவற்றை ஓட்ட விமானிச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆயினும் பதிவு உண்டு, பறக்கக் கூடாத மண்டலங்களும் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறுகிறவை. வெளியில் பறக்கவிடுமுன் அவற்றைப் பார்த்துக்கொள்வது நலம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் விமானம் இடுப்பளவு உயரம் எழுந்தது, அங்கேயே நின்றது. பிரமாதமான காட்சி ஒன்றும் இல்லை. தேனீக்கள் ஆயிரம் கூடி ரீங்காரம் செய்வதுபோல் ஓர் ஓசை, அவ்வளவுதான். அரை நிமிஷம் நின்று, மெல்ல இறங்கிற்று. என் பெண் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கரும்பலகையில் ஆறாவது வரியாக, 'நின்றது' என்று எழுதினாள். "நான் அப்போதே சொன்னேன்" என்றாள் என் தாயார்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் என் மேஜைமேல் இருந்தன. ஒரு பையனுடைய நோட்டில் ஐந்து கணக்குகளும் தவறு. வழக்கம்போல் சிவப்பு மையால் ஐந்து பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். பிறகு, ஏனோ, அந்த நோட்டையே மறுபடி எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். ஐந்து கணக்குகளிலும் பிழை ஒன்றே ஒன்றுதான்: கழித்தல் குறிக்குப் பின்னால் உள்ள அடைப்பை நீக்கும்போது உள்ளே இருந்த குறியை மாற்றாமல் விட்டிருந்தான். மற்ற எல்லாம் சரி. பையன் யோக்கியன், எங்கோ கால் வட்டம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறான்.

அவனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எனக்குக் கணக்கு வராது, ஸார்" என்று ஆரம்பித்தான்.

"அது இருக்கட்டும், அப்பா. இந்த இரண்டாவது வரியைப் பார்" என்றேன்.